இலை தளிர்க்கும் காலமும் தேனடைச் சட்டமும்

பால்மரத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு ஆண்டின் முதற் காலாண்டு கை சுருங்கும் காலம் என்பதைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தை, மாசி மாதங்களில் வெயில் ஏற ஏற இலைகள் பழுத்து உதிர்கின்றன. நிரைகள் மொட்டையாகின்றன. மரத்தில் பால் குறைகிறது. சில இடங்களில் மரத்திற்கு ஓய்வு கொடுத்து வெட்டையே நிறுத்திவிடுகின்றனர். மேலதிக வருமானம் பெரிதும் தேவைப்படும் நாட்களும் இவையே ஆகும். பள்ளித் தவணைக்குரிய செலவுகளும் பண்டிகைச் செலவுகளும் அப்பொழுதுதான் வந்து சேர்கின்றன.

ஆயினும், மரம் நமக்குப் பால் தர மறுக்கும் அதே வாரங்களில் வேறொருவருக்கு விருந்து வைக்கிறது. அவ்விருந்தை உண்பவை தேனீக்கள். பால்மரத்தின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து கிடைப்பதன்று. ஓர் இலைக்காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தை உற்று நோக்கினால், கடுகளவிலும் சிறிய மூன்று சுரப்பிகள் இருப்பதைக் காணலாம். தளிர் செம்பு நிறம் மாறி இளம்பச்சையாகித் தொங்கும் நாட்களில் இச்சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. இலை முற்றிக் கரும்பச்சையாகிவிட்டால் கசிவு நின்றுவிடும். ஒரு நிரையில் இக்காலம் மூன்று வாரங்களுக்கு மேல் நீடிப்பது அரிது. மரவகைகள் வேறுபட்டிருப்பின் ஒரு நிரை முடியும்பொழுது மற்றொன்று தொடங்கலாம். அது தேனீ வளர்ப்போரின் நல்வாய்ப்பு. காலையில் பலத்த மழை பெய்துவிட்டால் கசிந்தது யாவும் கழுவப்பட்டுப் போகும்.

இக்கட்டுரை அந்த மூன்று வாரங்களைப் பற்றியது. அதற்குள் தேனடையைச் சட்டத்தோடு எடுக்க வேண்டுமாயின், இலை உதிரத் தொடங்கும் முன்னரே சட்டங்கள் செய்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். தளிரைக் கண்ட பின்னர் மரவேலை தொடங்குகிறவர் அடுத்த ஆண்டுக்குத்தான் சட்டம் செய்கிறார்.

கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்சுந்தை, அப்பால் உலு சிலாங்கூரில் பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் ஆகிய வட்டாரங்களில் முன்னர் இருந்த பால்மரக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. எஞ்சிய பால்மர நிரைகளுக்கும் சிறுதோட்டங்களுக்கும் பக்கத்திலேயே செம்பனை நிற்பதைத் தேனீ வளர்ப்போர் குறையாகக் கருத வேண்டியதில்லை. இலைச் சுரப்பிகள் இனிப்பு நீரைத் தருமேயன்றி மகரந்தத்தைத் தருவதில்லை. மகரந்தமின்றித் தேனீக்கள் புழுக்களை வளர்க்க இயலாது. செம்பனையின் ஆண் பூவிலும், கரையோரத் தென்னையிலும், வரப்பில் படர்ந்த தொட்டாற்சிணுங்கியிலும் அம்மகரந்தம் கிடைக்கிறது.

மார்த்தாண்டத்தின் அனுபவம்

பால்மரத்தையும் தேனீயையும் இணைத்து வாழ்வதில் நமக்கு முன்னோடிகள் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்ட மக்களாவர். அங்குள்ள மார்த்தாண்டத்தில் 1920களில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கரின் முயற்சியால் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம மையம் அமைந்தது. கோழி வளர்ப்பு முதலிய சிறு தொழில்களோடு தேனீ வளர்ப்பும் அங்குக் கற்பிக்கப்பட்டது. 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் தோன்றியது. அம்மாவட்டத்தில் பால்மரம் பரவியதும் அதன் தளிர்த்தேனே முதன்மை அறுவடையாயிற்று. மார்த்தாண்டம் தேனுக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது.

அவர்கள் கையாண்ட பெட்டியும் தென்னாட்டிலேயே உருவானது. 1910களில் நியூட்டன் என்னும் பாதிரியார், நம் வீட்டுச் சுவர்ப் பொந்திலும் மரப்பொந்திலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை வகுத்து, கிராம மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. மலேசியக் கம்பங்களில் தென்னந்தோப்புகளிலும் மரப்பொந்துகளிலும் காணப்படுவதும் இதே அடுக்குத் தேனீதான். செர்டாங்கில் அந்நாளில் வேளாண் பல்கலைக்கழகமாக இருந்து, 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற கல்விநிலையம் 1980களில் இத்தேனீயைப் பெட்டியில் வளர்ப்பது குறித்து விரிவாக ஆராய்ந்தது.

மார்த்தாண்டத்தாரிடமிருந்து கற்க வேண்டிய கசப்பான பாடமும் ஒன்றுண்டு. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து பைப்புழு நோய் எனப்படும் நச்சுயிரி நோய் பரவி, கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் இருந்த பெரும்பாலான தேனீக் குடும்பங்களை அழித்தது. எனவே அறிமுகமில்லாத இடத்திலிருந்து பழைய அடைகளையும் பெட்டிகளையும் வாங்கி வந்து பயன்படுத்துதல் ஆகாது. இலவசமாகக் கிடைத்தாலும் ஆகாது.

பிழிந்த தேனா, அடைத் தேனா?

மார்த்தாண்டத்தில் சட்டங்களைச் சுழல் இயந்திரத்தில் இட்டுத் தேனை மட்டும் பிரித்தெடுத்து, காலி அடையை மீண்டும் பெட்டியில் வைக்கின்றனர். அதிகத் தேனுக்கு அதுவே வழி. ஒரு கிலோ மெழுகை உண்டாக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ வரை தேனை உண்கின்றன என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அடையோடு அறுத்து விற்கிறவர் ஒவ்வொரு முறையும் அம்மெழுகையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். ஆதலால் அவருக்குக் கிடைக்கும் எடை குறையும்.

அவ்வாறாயின் அடைத்தேன் எதற்கு? முதலாவது, ஓரிரு பெட்டிகள் மட்டும் வைத்திருப்பவருக்கு இயந்திரச் செலவு மிச்சமாகிறது. இரண்டாவது காரணம் அதனினும் பெரிது. புட்டியில் அடைத்த தேனைக் கையில் எடுத்தவுடன் வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி, இது சீனிப்பாகா தேனா என்பதுதான். மூடி முத்திரையிட்ட அடையைக் கண்டால் அக்கேள்வி எழுவதில்லை. அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே நிலைதான் இருந்தது. திரவத் தேனில் மலிவான பாகு கலக்கப்பட்டதால் மக்கள் அடைத்தேனையே நம்பி வாங்கினர். 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்த பின்னரே பிழிந்த தேன் மதிப்புப் பெற்றது. இரண்டு பெட்டிகள் உள்ளவர் ஒன்றில் மட்டும் அடைத்தேன் எடுத்துப் பார்ப்பது நலம் என்பதே நம் கருத்து. பலவீனமான குடும்பத்தில் இம்முயற்சி கூடவே கூடாது.

இன்று பலர் வளர்க்கும் கெலுலுட் எனும் கொசுத்தேனீக்கு இம்முறை பொருந்தாது. அது தேனை அடையில் வைப்பதில்லை. சிறு குடங்களில் சேமிக்கிறது.

சட்டம் செய்யும் முறை

தேனீக்கள் தாம் நடமாடுவதற்கு விட்டுக்கொள்ளும் இடைவெளிக்கு ஓர் அளவுண்டு. 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் என்பவர் அவ்வளவைப் பயன்படுத்தும் முறையைக் கண்டதிலிருந்தே கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் பிறந்தன. ஐரோப்பியத் தேனீக்கு அது ஏறத்தாழ 9 மி.மீ. அடுக்குத் தேனீ உடலில் சிறியது. அதற்கு 7 முதல் 9 மி.மீ. போதும். சட்டத்திற்கும் பெட்டிச் சுவருக்கும், மேலறைச் சட்டத்திற்கும் கீழறைச் சட்டத்திற்கும் இடையே இவ்வளவு இருக்க வேண்டும். கூடுதலாக விட்டால் அவ்விடத்தில் குறுக்கே அடை கட்டிவிடும். பின்னர்ச் சட்டத்தைத் தூக்கும்பொழுது அடை கிழிந்து தேன் ஒழுகும், எறும்பு வரும், குடும்பமும் ஓடிப்போகும்.

நியூட்டன் பெட்டியின் கீழறை புழு வளர்ப்பதற்கு உரியது. அதில் 7 சட்டங்கள் தொங்குகின்றன. உள்ளளவில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 அங்குல நீளமும் ஐந்தரை அங்குல ஆழமும் கொண்டது. மேலறை தேனுக்கு உரியது. அதன் சட்டங்களும் அதே நீளம்தான். ஆழம் மட்டும் இரண்டரை அங்குலம். அடைத்தேனுக்கு இந்த ஆழமற்ற சட்டமே உகந்தது. அடை தன் எடையால் முறிவதில்லை. அறுக்கும்பொழுது இரண்டு ஒழுங்கான துண்டுகள் கிடைக்கும். நன்கு நிறைந்த ஒரு சட்டம் ஏறத்தாழ 400 கிராம் தேறும்.

மேற்கட்டையின் அகலம் 22 மி.மீ. இருக்கட்டும். பக்கத்துக் கட்டைக்கு 9 மி.மீ. இடைவெளி விட்டால், ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு 31 மி.மீ. ஆகிறது. அடுக்குத் தேனீ இயற்கையில் கட்டுவதும் ஏறக்குறைய இதே அளவில்தான். தேனடை பருமனாக வேண்டும் என்ற ஆசையில் தொடக்கத்திலேயே சட்டங்களை விலக்கி வைக்கலாகாது. அடை பாதியளவு நீண்ட பின் ஒரு சட்டத்தை எடுத்துவிட்டு மற்றவற்றைச் சற்றே நகர்த்தி வைக்கலாம்.

மரத்தைப் பற்றி ஒரு சொல். தோட்டத்தில் பால்மரப் பலகை எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதையே அறுத்துச் சட்டம் செய்வோர் உண்டு. பதப்படுத்தப்படாத பால்மரம் விரைவில் நீலம் பாரித்து, வண்டு துளைத்து, மாவாக உதிரும். தேனுக்குள் அம்மாவு விழும். மருந்திட்ட பலகையோ உணவுப் பொருளுக்கு அருகே வைக்கத் தக்கதன்று. பழப்பெட்டிப் பலகையோ நன்கு உலர்ந்த மெராந்தித் துண்டுகளோ போதுமானவை. சாயம் பூச வேண்டாம்.

பிழிதேன் சட்டத்தில் அடைக்கு வலிவூட்டக் கம்பி கட்டுவர். அடைத்தேன் சட்டத்தில் கம்பி இருத்தல் கூடாது. வாங்குவோர் வாயில் அது அகப்படும். அதற்குப் பதிலாக, மேற்கட்டையின் அடிப்புறத்தில் நடுக்கோட்டில் 3 மி.மீ. ஆழத்திற்கு ஒரு பள்ளம் கீற வேண்டும். அதில் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள மெழுகுப் பட்டையைச் செருகி, உருகிய மெழுகைச் சிறு கரண்டியால் ஊற்றி ஒட்ட வேண்டும். இப்பட்டையே அடையின் தொடக்கம். பட்டை நேராக இருந்தால்தான் அடையும் நேராக வரும். கோணலாக ஒட்டிவிட்டால் இரண்டு சட்டங்களைச் சேர்த்து ஓர் அடை கட்டப்படும். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கடையில் விற்கும் அச்சிட்ட மெழுகுத் தாளை வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐரோப்பியத் தேனீக்கென அச்சிட்ட தாளில் ஒரு கண் ஏறத்தாழ 5.4 மி.மீ. உள்ளது. அடுக்குத் தேனீயின் பணித் தேனீக் கண் 5 மி.மீக்கும் சிறியது. பொருந்தாத அச்சில் அவை கட்டத் தயங்கும். கிடைக்காவிடில் நாமே வெற்றுப் பட்டை செய்துகொள்ளலாம். வழவழப்பான சிறு பலகையை நீரில் நனைத்து, உருகிய மெழுகில் இரண்டு முறை தோய்த்து எடுத்து ஆறவைத்தால் மெல்லிய ஏடாக உரிந்து வரும். அதைக் கத்தரித்துப் பயன்படுத்தலாம். மெழுகை நேரே அடுப்பில் ஏற்றுதல் கூடாது, தீப்பற்றும். ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகு டின்னை இறக்கியே உருக்க வேண்டும்.

நாற்பது நாள் கணக்கு

நல்ல சட்டம் இருந்தும் தேன் கிடைக்கவில்லை என்போர் பலர். காரணம் பெரும்பாலும் தேனீக்களின் தொகையே. இராணி முட்டையிட்டு ஏறத்தாழ 20 நாட்களில் பணித் தேனீ வெளிவருகிறது. வெளிவந்தவுடன் அது வயலுக்குப் போவதில்லை. முதலில் கண்களைத் துப்புரவு செய்து, புழுக்களுக்கு உணவூட்டி, மெழுகு சுரந்து அடை கட்டி, பின்னர் மூன்றாவது வாரத்தில்தான் தேன் தேடப் புறப்படுகிறது. ஆகவே தளிரில் தேன் கசியும் நாளில் உழைக்கப்போகும் தேனீ, அதற்கு 40 நாட்களுக்கு முன் இடப்பட்ட முட்டையாகும். பிப்ரவரி நடுவில் தளிர் வரும் நிரையாயின் டிசம்பர் இறுதியிலும் சனவரித் தொடக்கத்திலும் இராணி நிறைய முட்டையிட வேண்டும்.

மழை மிகுந்த அந்நாட்களில் வெளியே உணவு குறைவு. ஆதலால் சீனியும் நீரும் சம அளவில் கலந்த பாகை, மாலை வேளையில் சிறிது சிறிதாக வைக்க வேண்டும். மேலறையை ஏற்றும் நாளுக்கு முன்னரே பாகை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிடில் அடையில் சேர்வது நாம் ஊற்றிய சீனியாகும். அதைத் தேனென்று விற்பது மோசடி.

பெட்டியில் தேனீக்கள் நெருக்கமாக இருந்தால்தான் மெழுகு சுரந்து புது அடை கட்டும். நெருக்கம் மிகுந்தாலோ கூட்டம் பிரிந்து போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் காப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி. வாரம் ஒருமுறை கீழறையைப் பார்த்து, அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போன்ற இராணிக் கூடுகள் தொங்கினால் நீக்கிவிட வேண்டும். காலையில் வெட்டுக்குப் போய்த் திரும்புவோர் மாலை 4 மணிக்கு மேல் இவ்வேலையைச் செய்யலாம்.

மேலறை ஏற்றுதல்

கீழறை மேற்கட்டைகளின் ஓரங்களில் புது வெள்ளை மெழுகு பூசினாற்போல் தோன்றுவதே அடையாளம். அன்று மேலறையை ஏற்றுக. ஏழு சட்டங்களில் நடுச் சட்டம் ஒன்று முன்பே கட்டிய அடையாக இருந்தால் தேனீக்கள் விரைந்து மேலேறும். மற்ற ஆறும் பட்டை ஒட்டியவையாக இருக்கலாம்.

தேனீக்கள் ஒன்றையொன்று பற்றித் தொங்கியே அடை கட்டுகின்றன. அடை எப்பொழுதும் நேர் கீழாகவே இறங்கும். பெட்டி இடமாகவோ வலமாகவோ சாய்ந்திருந்தால் அடை சட்டத்தை விட்டு விலகிவிடும். பாதி நீர் நிரப்பிய புட்டியைக் குறுக்கே படுக்கவைத்துப் பார்த்தாலே சாய்வு தெரியும். மழைநீர் வடிய முன்பக்கம் மட்டும் சற்றே தாழ்ந்திருக்கலாம். பெட்டியின் கால்கள் நான்கையும் நீர் ஊற்றிய டின்களில் நிறுத்துக. இலையை மடித்துக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பு ஒரு கிளை வழியாக வந்துவிட்டாலும் போதும், ஒரே இரவில் பெட்டி காலியாகும். ஆதலால் கிளைகள் பெட்டியைத் தொடலாகாது.

முதல் மேலறை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும், தேன் வரத்து இன்னும் இருக்குமாயின், இரண்டாவதை அதன் அடியில் வைக்கலாம். இலைகள் கரும்பச்சையாகத் தொடங்கிய பின் புதிய அறை வைத்தல் வீண். பாதி நிறைந்த பதினான்கு சட்டங்களைவிட முழுமையாக மூடிய ஏழு சட்டங்களே விலைபோகும்.

பெட்டி வைக்கும் முன்னர் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுதல் முறை. தளிர்க் காலத்தில் இலைநோயைத் தடுக்கக் கந்தகத்தூள் தூவும் தோட்டங்கள் உண்டு. எந்த நிரையில் எந்நாள் மருந்திடப்படும் என்பதைக் கண்டக்டரிடமோ மண்டோரிடமோ கேட்டறிந்து, அந்நாட்களில் பெட்டியை அப்பால் மாற்ற வேண்டும். லயத்தின் வாசலிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் பெட்டி வைக்கலாகாது. கொட்டுப்பட்டு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் கைவைத்தியத்தை நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எடுத்தலும் அறுத்தலும்

பச்சைத் தேனில் நீர் மிகுதி. தேனீக்கள் சிறகால் விசிறி அதை வற்றவைத்து, பக்குவமானதும் மெழுகால் மூடுகின்றன. அனைத்துலக உணவுத் தர விதிப்படி தேனில் நீர் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஈரக்காற்று மிகுந்த நம் கரையோரத்தில் அவ்வளவு வற்றுவதே கடினம். எனவே அடைத்தேனில் இருபுறமும் முழுமையாக மூடிய சட்டங்களை மட்டுமே எடுக்க வேண்டும். மூடாத கண்கள் உள்ள அடை சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும். அதே வேளையில் மூடிய அடையை நெடுநாள் விட்டுவைப்பதும் தவறு. தேனீக்கள் நடந்து நடந்து வெண்மை மங்கிப் பழுப்பேறிவிடும்.

புகை மிகக் குறைவாகவே காட்ட வேண்டும். புகைக்கருவியில் உலர்ந்த தேங்காய் மட்டை போதும். கொட்டில் ஓரத்தில் கிடக்கிறதே என்று ஒட்டுப்பாலையும் ரப்பர்த் துண்டையும் எரிப்பவர் தம் தேனை அப்பொழுதே கெடுத்துக்கொள்கிறார். மெழுகு எந்த நாற்றத்தையும் ஈர்த்துக்கொள்ளும். இதே காரணத்தால், பால் உறைய வைக்கும் அமிலம் இருந்த கலன், பால் வாளி ஆகியவற்றில் அடையை வைத்தல் ஒருபொழுதும் ஆகாது. எத்தனை முறை கழுவியிருப்பினும் சரியே.

சட்டத்தைத் தட்டில் படுக்கவைத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த மெல்லிய கத்தியால் அறுத்து, துண்டுகளைத் துருப்பிடிக்காத கம்பிவலை மேல் ஓர் இரவு வைத்தால் ஓரத்துத் தேன் வடிந்துவிடும். பின்னர்க் காற்றுப் புகாத சிறு டப்பாவில் இட்டு, குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு நாட்கள் வைக்க வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத மெழுகுப்பூச்சி முட்டைகள் இதனால் மடியும். இதைச் செய்யாதவரின் டப்பாவில் பத்து நாட்களுக்குப் பின் புழு நெளியும். அவ்வீட்டார் மறுமுறை வாங்கமாட்டார்கள். பால்மரத் தேன் விரைவில் மணல்போல் உறையும் இயல்புடையது. பிழிந்த தேன் உறைந்தால் வெந்நீரில் வைத்து இளக்கலாம். அடைத்தேனை அவ்வாறு செய்தால் மெழுகும் இளகிவிடும். ஆதலால் அறுத்த சில வாரங்களுக்குள் விற்றுவிடுதல் வேண்டும்.

விற்கும்பொழுது ஒன்றைச் சொல்லிக் கொடுப்பது கடமை. பிறந்த குழந்தைக்குச் சேனை தொடும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் பச்சிளங் குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே தீங்கு செய்யலாம். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் தரலாகாது என்பது மருத்துவர்களின் அறிவுரை.

இலைகள் முற்றிய பின் வரும் மாதங்கள் தேனீக்களுக்குப் பஞ்ச காலம். கீழறைச் சட்டங்களின் மேல்விளிம்பில் உள்ள தேன் அவற்றின் சேமிப்பு. அதில் கைவைத்தால் குடும்பம் பெட்டியைத் துறந்து பறந்துவிடும். அடுக்குத் தேனீக்கு இக்குணம் மிகுதி. மேலறைகளை இறக்கிவிட வேண்டும். அறுத்த சட்டங்களின் மேற்கட்டையில் அரை அங்குல அளவு அடையை ஒட்டவிட்டு, ஓரிரவு பெட்டியில் வைத்தால் தேனீக்களே அதைத் துப்புரவாக நக்கி உலர்த்திவிடும். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, இரண்டு நாட்கள் உறைநிலையில் வைத்து எடுத்து, எலி எட்டாத இடத்தில் தொங்கவிடுக. அடுத்த தைக்குப் புதிய பட்டை ஒட்ட வேண்டியிராது.